ஏழு கம்பிக்கு இரண்டு விரல்

ஆடி 2, வியாழன்

காலையில் தூறல். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், பிறகு புழுக்கம். கடையில் ரிப்பேருக்கு இரண்டு பம்ப்செட் மோட்டார். ரிஷிவந்தியத்துக்காரருடையதில் காயில், உள்ளே சுற்றிய செப்புக் கம்பி, முழுக்கக் கருகல், புதிதாகத்தான் கட்ட வேண்டும். இன்னொன்றில் கோளாறே இல்லை, அவர் வீட்டில் பியூஸ் போயிருக்கிறது. சொன்னால் நம்பவில்லை. "தொறந்து பாருங்க, உள்ள எதுனா இருக்கும்." திறந்து காட்டி மூடினேன். அதற்குள் ஒரு மணி.

மதியம் பார்சல். ஏழு கம்பி கிதார், சேலத்தில் ஒருவர் வாசித்துவிட்டு விற்றது. கறுப்பு. கழுத்து என் பழைய கிதாரைவிட ஒரு விரல் அகலம். வழக்கமான ஆறு கம்பி, அதற்கு மேலே தடியாக ஒன்று. அந்தத் தடிக் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது, ஒரு முறுக்குக்கே அறுந்துபோனது. நல்ல ஆரம்பம்!

செல்வி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "ஆறு கம்பியப் புடிக்க வெரலு இல்லன்னு எட்டு மாசமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க. இப்ப ஏழா?" என் பெண்டாட்டி, சொல்லலாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கிதாராலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

கார்த்திகையில் கம்ப்ரசர் பெல்ட் இழுத்துக்கொண்டது: இடது கை, மோதிர விரல், சுண்டு விரல். மிச்சம்: கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். காயில் கட்ட இது போதும், பழகிவிட்டது. கிதாரில் பல கம்பியைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடிக்கப் போதாது.

ரவியண்ணன் (ர.அ.) நடத்தும் கச்சேரிக் குழுவில் பத்தொன்பது வருஷமாகக் கிதார் நான்தான். இப்போது திருக்கோவிலூர் பிரபு வந்து வாசிக்கிறார். நேற்று ர.அ. போனில்: "இன்னும் எத்தினி நாளுடா குமாரு? பன்னெண்டாந்தேதி ரிகர்சலுக்கு வா, வாசிச்சிக் காட்டு. முடியலன்னா பிரபுவையே நெரந்தரமா வெச்சிக்கிறேன். நீ மைக்கு செட்டப் பாத்துக்க."

மைக் செட்! பத்து நாள் இருக்கிறது.

ஆடி 3, வெள்ளி

மழை இல்லை. கடையில் கூட்டம் இல்லை. எதிர் டீக்கடையில் ஒருவர்: "ரெண்டு மழ பேஞ்சா மோட்டாரு கடைக்காரன் ஈ ஓட்டுவான்." எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது.

இந்தக் கிதாரை வாங்கவைத்த வீடியோவில் பார்த்தது, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கம்பிகளை அழுத்தாமல் சும்மா மீட்டினாலே ஒரு முழுக் கார்டு வருகிற மாதிரி ஸ்ருதி கூட்டிவிடுவது. அப்புறம் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் போதும். கழுத்தில் எந்தக் கட்டத்தில், எந்த ஃபிரெட்டில் படுக்கிறதோ அந்தக் கார்டு. ஒரே விரல்! இருபது வருஷம் வாசித்தேன், இப்படி ஒன்று உண்டு என்று எனக்கு ஏன் தெரியவில்லை? ஐந்து விரலும் இருந்தபோது தேவைப்படவில்லை, அதுதான்.

சாயங்காலம் மேஜரில், சந்தோஷப் பாட்டுக் கார்டில், கூட்டினேன். ஸ்ருதி ரெண்டு கட்டை. தடித்த பக்கத்திலிருந்து ப ஸ ப ஸ க ப ஸ, பெரிய க. ஏழாவது கம்பி இன்னும் இல்லை, ஆறை வைத்தே மீட்டினேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி ஒரு சத்தம். செல்வி உள்ளேயிருந்து, "இது நல்லாருக்கே!"

நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் மைனர் எங்கே? சோகப் பாட்டுக்கு என்ன செய்வேன்? எங்கே விரலைப் படுக்கவைத்தாலும் சிரிக்கிறது. எங்கள் குழுப் பாடகி கலாக்கா பாடுவதில் பாதிக்கு மேல் மைனர்.

ஆடி 5, ஞாயிறு

மூட்டம். கோழி எடுத்து வந்தேன். உரிக்க உட்காரும்போதுதான் தோன்றியது, கையைக் கழுவிவிட்டு ஓடினேன். செல்வி திட்டினாள்.

விஷயம் இதுதான். மேஜருக்கும் மைனருக்கும் வித்தியாசம் ஒரே கம்பி, க கம்பி. அது அரைக்கட்டை மேலே இருந்தால் மேஜர், கீழே இருந்தால் மைனர். ஆள்காட்டி குறுக்கே படுத்திருக்கும்போது அதற்கு முன்னால் மற்ற விரலால் அழுத்தி மேலே ஏற்றலாம். பின்னால் இறக்க முடியாது. அழுத்தினால் சத்தம் ஏறும், இறங்கவே இறங்காது. ஆகவே மேஜரில் கூட்டினால் மைனருக்கு வழி கிடையாது. மைனரில் கூட்டிவிட்டால், மேஜர் வேண்டும்போது நடுவிரலை க கம்பியில் ஒரு ஃபிரெட் தள்ளி வைத்தால் போதும்.

ஆள்காட்டி, நடுவிரல். என்னிடம் இருப்பது அதே இரண்டு! அடுப்படியில் போய்ச் சொன்னேன். "கோழி?" என்றாள்.

கோழி முடித்துவிட்டு மூன்று விதமாகக் கூட்டிப் பார்த்தேன்:

— ஆறு கட்டை மைனர். ஸ ப ஸ ப ஸ க ப. மூன்று கம்பியை ஏற்ற வேண்டும். இரண்டாவதை ஏற்றும்போதே பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு. பழைய கம்பி. தப்பு என்னுடையது, வேறு கம்பி மாட்டினேன்.

— ஐந்து கட்டை மைனர். அதே வரிசை. ஒரு கம்பியையும் ஏற்ற வேண்டாம். ஆனால் தடித்தவை எல்லாம் தளர்ந்து துணிக்கொடி மாதிரி தொங்குகின்றன. ஏழாவது வந்தால் அது இன்னும் மோசம்.

— ரெண்டு கட்டை மைனர். ப ஸ ப ஸ க ப ஸ, சின்ன க. இரண்டு அப்படியே, மற்றவை கொஞ்சம் கொஞ்சம் இறக்கம். எதுவும் அறுந்துபோகாது, எதுவும் தொங்காது. இதுதான்.

மீட்டினேன். நீண்டு நின்று கேட்கிறது. தம்புராவுக்குள் ஒரு சின்ன க போய் ஒளிந்துகொண்ட மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது.

ஒரு சந்தேகம்: அடியில் ஸ இல்லை, ப இருக்கிறது. சரியா? ஏழாவது கம்பி வந்தால்தான் தெரியும்.

ஆடி 7, செவ்வாய்

வெயில். ரிஷிவந்தியம் மோட்டார் முடிந்தது.

ஏழாவது கம்பி தேடி கள்ளக்குறிச்சி முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் ஆறு கம்பி செட்தான். "ஏழாவதா? அப்டி ஒன்னு இருக்குதா சார்?" இன்னொரு கடையில் வீணைத் தந்தி கொடுக்கப் பார்த்தார். சென்னையில் சொன்னால் பத்து நாள் ஆகுமாம்.

யோசித்தேன். கிதாரின் தடிக் கம்பி என்பது என்ன? உள்ளே ஒரு எஃகுக் கம்பி, மேலே இன்னொரு கம்பி நெருக்கச் சுற்றியது. சுற்றுவதுதானே என் தொழில்! பழைய செட்டில் இருந்து ஒரு வெறும் கம்பியை எடுத்து, காயில் சுற்றும் மிஷினில் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, 25 கேஜ் செப்புக் கம்பியைச் சுற்றினேன்.

முதல் தடவை: சுற்று நழுவியது. இரண்டாவது: குளவி மாதிரி ரீங்காரம். மூன்றாவது: மோட்டாருக்குப் போடும் வார்னிஷைத் தடவி, குண்டு பல்பு சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்தேன். ரீங்காரம் நின்றது.

ஆம்ப்ளிஃபயரில் போட்டால் மற்ற கம்பிகளைவிடச் சத்தம் கம்மி. ஏன்? அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிக்கப் என்பது காந்தம். காந்தத்துக்குச் செம்பு தெரியாது, உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் தெரியும். தினமும் செம்போடு புரளுகிற எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கம்மி நன்றாக இருக்கிறது. முழங்கவில்லை, மெதுவாகக் கீழே உட்காருகிறது. வலது கட்டை விரலால் ஆறாவது கம்பி ஒரு தட்டு, ஏழாவது ஒரு தட்டு: ஸ, ப, ஸ, ப. நடை தானாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தேகம் தீர்ந்தது. அடியில் ப இருப்பது சரியே.

ஆடி 9, வியாழன்

புழுக்கம். கரண்ட் மூன்று தடவை போனது.

பிரச்சினை: கழுத்து அந்நியமாகிவிட்டது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். இப்போது எந்த ஃபிரெட்டில் எந்தக் கட்டை என்று ஒவ்வொரு தடவையும் எண்ண வேண்டியிருக்கிறது. ர.அ. "அஞ்சு" என்று சொன்ன நொடியில் விரல் போய்ப் படுக்க வேண்டும், எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டு முடிந்துவிடும்.

செல்வி கேட்டாள்: "உங்க கட்டையெல்லாம் இஞ்சு டேப் மாதிரிதான? ஒன்னு, ஒன்னர, ரெண்டு, ரெண்டர?"

"ஆமா."

"எதையும் அழுத்தாம மீட்டுனா ரெண்டு, அப்பால ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை அரையா ஏறுது?"

"ஆமாமா."

ஜாக்கெட் அளவு எழுதும் ஸ்டிக்கரைச் சின்னச் சின்னதாக வெட்டி, எண் எழுதி, கழுத்தின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தாள். அழகான கையெழுத்து. நான் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்து "சூப்பர்" என்றதோடு சரி.

ஆடி 11, சனி

இரண்டு நாளாக எண்ணைப் பார்த்தே பழகுகிறேன். வேகம் வந்துவிட்டது. ஆள்காட்டிக்குக் கீழ்ப்பக்கம் காய்ப்பு. நடுவிரல் மேஜருக்குப் போய் வருகிறது, பத்தில் ஒன்பது தடவை சரியாக. ஏழாவது ஸ்வரம் சேர்ந்த கார்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, நடுவிரல் அவ்வளவு தூரம் எட்டாது. பார்க்கலாம்.

நாளைக்கு ரிகர்சல்.

ஆடி 12, ஞாயிறு

மானம் போயிற்று.

கச்சிராயபாளையம் ரோடு, ர.அ. வீட்டு மாடி. எல்லோரும் இருந்தார்கள். ர.அ. கீபோர்டு, கலாக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிரபு ஓரமாகத் தன் கிதாரோடு. பிரபு எழுந்து நாற்காலி கொடுத்தார், "உக்காருங்கண்ணா." நல்ல பிள்ளை. அதுவே குத்தியது.

ர.அ.: "அம்மன் பாட்டு. அஞ்சு கட்ட மைனர். போலாமா?"

எண் 5-ஐப் பார்த்தேன், விரலைப் படுக்கவைத்தேன், மீட்டினேன். கீபோர்டும் கிதாரும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. கலாக்கா காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இன்னாடா இது, பல்லு கூசுது!"

ஸ்ருதி கலைந்துவிட்டது என்று நினைத்தேன். சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது. மறுபடி. மறுபடி அதே. மூன்றாவது தடவை ர.அ. கீபோர்டை அணைத்துவிட்டார்.

"போதும் குமாரு. கஷ்டப்படுத்திக்காத." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "பத்தொம்பதாந்தேதி வெள்ளிமலப் பக்கம் மாரியம்மன் கோயில் கச்சேரி. பிரபு வாசிக்கட்டும். நீ மைக்கப் பாத்துக்க. ஆடி போனதும் பிரபுவுக்கே சொல்லிடறேன்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஏறவில்லை, நடந்தே வந்தேன்.

ஆடி 13, திங்கள்

கடை திறக்கவில்லை. கிதாரை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபிரெட்டாக, பழைய கிதாரோடு ஒப்பிட்டுக் கேட்டேன். 2 சரி. ரெண்டரை சரி. 3 சரி. அடுத்த ஸ்டிக்கர்: 3½.

மூன்றரையா!

மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. மூணுக்கு அடுத்தது நாலு, நடுவில் இடமே இல்லை. அதே மாதிரி ஏழுக்கு அடுத்தது ஒண்ணு. இது ஆர்மோனியத்தைத் தொட்ட பச்சைப்பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எண்ணைப் பார்த்தேன், காதைக் கேட்கவில்லை. செல்வி இஞ்சு டேப்பில் அரை அரையாக எழுதினாள், மூணுக்கு அப்புறம் எல்லாம் ஒரு ஃபிரெட் தள்ளிப்போயிற்று. 5 என்று நான் பிடித்தது அஞ்சரை, சொல்லவே வெட்கம். மூணு நாள் தனியாக, சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல், தப்பையே பழகியிருக்கிறேன்.

செல்வியிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "என்னாலதான் போச்சா?" இல்லை, நான்தான் பார்க்கவில்லை. உண்மையும் அதுதான். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "மூனுக்கு அப்பால இருந்த அரைய எவன் திருடினான்? இப்டி ஒரு டேப்பு வெச்சிக்கினு ஜாக்கெட்டு தெச்சா எவ போடுவா?"

ஏன் அங்கே மட்டும் இல்லை? யாரிடம் கேட்பது?

ஸ்டிக்கரை எல்லாம் கிழித்தாயிற்று. புதிதாக ஒட்டவில்லை. அவள் தைத்துக்கொண்டே கட்டையைச் சொல்வாள், நான் பார்க்காமல் பிடிக்க வேண்டும். "நாலர! … ஒன்னு! … மூனர!" கடைசியாகச் சொன்னது என்னை மடக்க.

யாருக்காகப் பழகுகிறேன் என்று தெரியவில்லை. மைக் செட்டுக்கு எதற்குக் கார்டு? விட முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆடி 16, வியாழன்

நல்ல மழை. ஈ ஓட்டினேன்.

நான்கு மணிக்குக் கலாக்கா குடையோடு, செல்வியிடம் ஜாக்கெட் வாங்க. நான் பின்கட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன், வந்தது தெரியாது. நிறுத்தியதும் கதவுப் பக்கம் குரல்: "நிறுத்தாத. அந்த அடி சத்தம் இன்னாது?"

ஏழாவது கம்பியைக் காட்டினேன், ஸ, ப, ஸ, ப. ஸ்டிக்கர் கதையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அஞ்சு புடி" என்றார். பாடினார். மழைச் சத்தத்தோடு இரண்டு சரணம்.

"கீபோர்டுல பாடறப்ப நான்தான் ஸ்ருதியப் புடிச்சிக்கினு ஓடணும்," என்றார். "இது கீழ படுத்துக்கினு என்னத் தாங்குது." ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் போனார். செல்வி மழையில் பின்னாலேயே ஓடினாள்.

ரவியண்ணனிடம் சொல்வாரா? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆடி 19, ஞாயிறு

சாயங்காலம், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், பெட்டி கட்டுகிறார்கள்.

காலை ஏழு மணிக்கு வேன். கச்சிராயபாளையத்தில் இட்லி. கோமுகி அணை தாண்டி மலைப்பாதை வளைவுகள். மேலே போகப் போகக் குளிர், பனிமூட்டம். ஏழு கம்பியையும் எடுத்துக்கொண்டேன். ர.அ. ஒரு பார்வை பார்த்தார்.

கச்சேரி மூன்று மணிக்கே. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் இருட்டுவதற்குள் நடந்து வீடு போக வேண்டும். நான் மைக் கட்டினேன், ஒயர் இழுத்தேன். ஒருவர்: "சத்தம் மல முழுக்கக் கேக்கணும் தம்பி." கேட்டது.

நாலு பாட்டு முடிந்ததும் கலாக்கா குரல் கம்மியது. குளிர். வெந்நீர் குடித்துவிட்டு ர.அ. பக்கம் போனார். மைக் எனக்குப் பக்கத்தில், எல்லாம் கேட்டது.

"அம்மன் பாட்டு நாலரையில பாடறேன். குமாரு வாசிக்கட்டும்."

"மேடையில போயி பரிச்ச பண்ணாத கலா. ரிகர்சல்ல பாத்த இல்ல?"

"பாத்தேன். அப்பால அவன் வூட்லயும் கேட்டேன். பாடறது நானு. எனக்குத் தாங்கறதுக்கு அது வோணும்."

ர.அ. என்னைப் பார்த்தார். பிரபு தன் கிதார் ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

குளிரில் கம்பிகள் ஸ்ருதி ஏறியிருந்தன, மறுபடி கூட்டினேன். கூட்டம் சலசலத்தது. நாலரை. எண் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, நாலாவது ஃபிரெட். படுக்கவைத்தேன். கட்டை விரல்: ஸ, ப, ஸ, ப.

இழைந்தது! கலாக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். கம்மிய குரலே அந்தப் பாட்டுக்குப் பொருந்தியது. இரண்டாம் சரணத்தில் நடுவிரலை எடுக்க மறந்தேன், அழ வேண்டிய இடத்தில் ஒரு நொடி சிரித்துவிட்டது. கலாக்கா ஓரக்கண்ணால் ஒரு பார்வை. கூட்டத்துக்குத் தெரியவில்லை. முடிந்ததும் முன்வரிசைப் பெண்கள் இன்னொரு தடவை கேட்டார்கள். இன்னொரு தடவை வாசித்தோம். பாடியவர் அவர், மூச்சு வாங்கியது எனக்கு.

எழுந்திருக்கப் போனேன். ர.அ. கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல்: "எங்க போற? அடுத்தது ரெண்டு கட்ட."

ஆடி 20, திங்கள்

வெயில். உடம்பு வலி. கடையில் நான்கு மோட்டார் காத்திருக்கிறது, இதை எழுதிவிட்டுத்தான்.

நேற்று இறங்கும்போது வேனில் நடந்தது. ர.அ. முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, "வெள்ளிக்கெழம தியாகதுருகத்துல கச்சேரி. குமாரு, பிரபு, ரெண்டு பேரும் வந்துருங்க." கலாக்கா தூங்கிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் நிறைந்துவிட்டது.

நாலாவது வளைவில் பிரபு, "அண்ணா, அதக் கொஞ்சம் பாக்கலாமா?" கொடுத்தேன். சும்மா மீட்டினார், "அட!" என்றார். அப்புறம் கை பழக்கத்தில் ஒரு கார்டு பிடித்தார். நாராசம். இன்னொன்று பிடித்தார். அதைவிட நாராசம். ஆள்காட்டியைப் படுக்கவைக்கச் சொன்னேன். வைத்தார், சரி. நடுவிரலைக் காட்டினேன். வைத்தார், மேஜர் வந்தது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் சும்மா இருக்க மாட்டேன் என்று எங்கெங்கோ போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கெடுத்தன. மடக்கினார், நீட்டினார், கழுத்துக்குப் பின்னால் ஒளித்தார். ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, வேர்த்துப்போய், நிஜமாகவே தெரியாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணா, மீதி ரெண்டு வெரல எங்கண்ணா வெக்கிறது?"

நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.